பேரரசுகளைப் பற்றி நண்பருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

பிப்ரவரி 3: ஒரு வாசகரின் கேள்வி

என் நண்பர் பேரரசுகளின் வரலாற்றைப் படிக்க ஆசைப்படுகிறார். பள்ளிக்கூடத்தோடு வரலாற்றை விட்டவர். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். எப்படியும் எல்லாப் பேரரசும் எழுந்தது, பரந்தது, விழுந்தது என்கிற ஒரே கதைதான். நல்லதாக ஒன்றைப் படித்தால் மற்றதெல்லாம் படித்த மாதிரிதானே?

பிப்ரவரி 3, இரவு

ஒரே கதை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், நான் செய்த தப்பை நீங்கள் செய்துவிடாதீர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் இதையேதான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. ரோமானியப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய நூலின் முதல் தொகுதியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மொத்தம் ஆறு தொகுதிகள், 71 அத்தியாயங்கள். முதலாவது 1776ல் வந்தது, கடைசி மூன்றும் 1788ல். எனக்கு உயிரான நூல். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அடையாளச் சீட்டு 38ஆம் பக்கத்தில் இருந்தது. "பெயர்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன" என்று மட்டும் சொன்னார். வரலாறு தனக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. புத்தகத்தின் மேல் குறை இல்லை, அவர் மேலும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேல் நீளும் ஒரு கதையை, அதில் ஒரு ஆளைக்கூட அறியாதவர் கையில் திணித்தது நான்தான்.

பிப்ரவரி 4

சரி, எதைக் கொடுப்பது? பேரரசின் முழுக் கதையைச் சொல்லும் நூலை விட்டுவிடுங்கள். அந்தப் பேரரசுக்குள் இருந்து, கண்ணால் பார்த்து எழுதிய ஒரு ஆளைக் கொடுங்கள். இரண்டாவது முறை நான் கொடுத்தது புரோகோப்பியஸை.

ஆறாம் நூற்றாண்டு, கிழக்கு ரோமானியப் பேரரசு. தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், பேரரசர் ஜஸ்டினியன். அவருடைய தளபதி பெலிசாரியஸுக்குச் செயலாளராகப் போர்முனைகளுக்கெல்லாம் கூடவே போனவர் புரோகோப்பியஸ். போர்களைப் பற்றி எட்டுப் பகுதிகளாக எழுதினார். அதில் 532ல் நடந்த நிகா கலவரம் இருக்கிறது. தேர்ப்பந்தய ரசிகர் கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து நகரத்தைக் கொளுத்துகின்றன. பேரரசர் கப்பலேறி ஓடிவிடலாமா என்று யோசிக்கிறார். அரசி தியோடோராதான் எழுந்து, ஓட மாட்டேன், அரச உடையே எனக்குப் பிணப்போர்வையாக இருக்கட்டும் என்கிற மாதிரிப் பேசித் தடுக்கிறாள். அடுத்து, பந்தய மைதானத்தில் அடைபட்டவர்கள் வெட்டப்படுகிறார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் என்று அவர் கணக்குச் சொல்கிறார்.

542ன் கொள்ளைநோயும் அதே நூலில் வருகிறது. தலைநகரில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர், பிறகு பத்தாயிரம், அதற்கும் மேல். புதைக்க இடமில்லாமல் கோட்டைக் கோபுரங்களின் கூரையைப் பிரித்து உள்ளே உடல்களைப் போட்டார்கள். பேரரசருக்கே நோய் வந்து பிழைத்தார். என் நண்பர் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு இரவு ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். கிப்பனை 38ஆம் பக்கத்தில் விட்ட அதே ஆள்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

பெயர்கள் நிற்காத பிரச்சினைக்கு ஒரு வழி சொல்லாமல் விட்டுவிட்டேன். அடையாளச் சீட்டிலேயே ஐந்து பெயர்களை எழுதிக் கொடுங்கள். யாருக்கு யார் என்ன உறவு, அவ்வளவு போதும். பக்கம் புரட்டும்போதெல்லாம் கண்ணில் படும். ஒரு வரைபடமும் கையால் போட்டு வைத்தேன். கடல், தலைநகரம், எதிரி இருக்கும் திசை, மூன்று மட்டும்.

பிப்ரவரி 6

"கண்ணால் பார்த்தவன் பொய் சொல்ல மாட்டானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்வான். அதில்தான் நான் இரண்டாவது முறையும் இடறினேன். முந்தாநாள் எழுதிய குறிப்பில் அதை மறைக்க நினைக்கவில்லை, எழுத நேரமில்லை.

புரோகோப்பியஸ் எழுதியவை மூன்று. போர் வரலாறு ஒன்று. ஜஸ்டினியன் கட்டிய கோயில்களையும் கோட்டைகளையும் புகழ்ந்து தள்ளும் நூல் ஒன்று. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் நம் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தொனி பழக்கமானது. மூன்றாவது, அவர் வெளியிடாமல் வைத்திருந்த ரகசிய வரலாறு. வாடிகன் நூலகத்தில் இருந்த பிரதியிலிருந்து 1623ல்தான் அது முதன்முதலாக அச்சாகியது. அதில் அதே பேரரசர் ஒரு பேய். இரவில் அரண்மனையில் நடக்கும்போது தலை மறைந்துபோய் உடல் மட்டும் உலாவியது என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார். கலவரத்தில் எழுந்து நின்ற அதே தியோடோரா அதில் எழுதக் கூசும் வசைகளுக்கு ஆளாகிறாள்.

நண்பர் அடுத்து எதைக் கொடுப்பாய் என்று கேட்ட உற்சாகத்தில் நான் ரகசிய வரலாற்றைக் கொடுத்தேன், ஒரு வார்த்தை எச்சரிக்கை சொல்லாமல். அவர் அத்தனையையும் நம்பினார். "ரகசியமாக எழுதியதுதானே உண்மையாக இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பயந்து எழுதியது புகழ்ச்சியாகலாம், வெறுத்து எழுதியது அவதூறாகலாம், இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது என்று விளக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அதனால் என் பரிந்துரையைத் திருத்திக்கொள்கிறேன். ஒரு சாட்சி போதாது. ஒரே பேரரசுக்கு இரண்டு சாட்சிகளை ஜோடியாகக் கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிப்ரவரி 7

பழைய ரோமைத்தான் படிக்க வேண்டும் என்று உங்கள் நண்பர் பிடிவாதம் பிடித்தால் பாலிபியஸ். கிரேக்கர். 168ல், அதாவது கிறிஸ்துவுக்கு முன் 168ல், ஆயிரம் பேரோடு பிணையாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 53 வருடங்கள்கூட ஆகாத காலத்துக்குள் இவர்கள் எப்படி உலகத்தையே தங்கள் கீழ் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வியோடு எழுதத் தொடங்கினார். தோற்ற நாட்டுக்காரர் கேட்கும் கேள்வி அது. 146ல் கார்த்தேஜ் எரிந்தபோது ரோமானியத் தளபதி ஸ்கிபியோவின் பக்கத்தில் நின்றிருந்தார். வென்ற தளபதி அழுதான், என்றாவது ஒரு நாள் என் ஊருக்கும் இதுதான் என்று சொன்னான் என்பது இவர் வழியாக வந்த செய்தி. நாற்பது பகுதிகளில் முதல் ஐந்துதான் முழுசாக மிஞ்சியிருக்கின்றன.

பிப்ரவரி 8

பாலிபியஸ் பற்றிய குறிப்பில் ஒரு திருத்தம். ரோம் வென்ற பிட்னா போர்தான் கி.மு. 168. பிணைகளைக் கொண்டுபோனது அடுத்த வருடம், 167. இரண்டையும் குழப்பிவிட்டேன்.

பிப்ரவரி 11

இப்போது "ஒரே கதைதான்" என்ற விஷயத்துக்கு வருகிறேன். கேட்டவர் மறுபடியும் அதையே அழுத்திக் கேட்டிருப்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அப்படிச் சொன்ன பெரியவர் ஒருவர் உண்டு. அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன். 1377ல் இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து முகத்திமா என்ற முன்னுரை நூலை எழுதினார். அவருடைய கணக்கு: வறண்ட நிலத்திலிருந்து வரும் கூட்டத்துக்குள் ஒரு பிடிப்பு இருக்கும். தமிழில் இனப்பற்று என்றால் முழுப் பொருளும் வராது, ஒருவனுக்கு ஒருவன் உயிரைக் கொடுக்கும் கட்டுறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடிப்பால் நகரத்தைப் பிடிக்கிறார்கள். பிடித்த தலைமுறைக்குக் கஷ்டம் தெரியும். அடுத்தது அதைக் கேட்டு வளர்கிறது. மூன்றாவதுக்கு எதுவும் தெரியாது, சுகம்தான் தெரியும். தலைமுறைக்கு நாற்பது வருடம், ஆக 120 வருடத்தில் ஒரு வம்சம் தளர்ந்துவிடும்.

படித்த புதிதில் எனக்கு எல்லாப் பூட்டுக்கும் சாவி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. ஒரு வருடம் முழுக்க எந்தப் பேரரசைப் படித்தாலும் மூன்று தலைமுறையை எண்ணிக்கொண்டிருந்தேன். வட ஆப்பிரிக்க வம்சங்களுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. அவர் கண்முன்னால் இருந்தவை அவைதான். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பேரரசுக்கு என்ன செய்வீர்கள்? வம்சங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அரசு மட்டும் ஆயிரம் வருடத்துக்கும் மேல், 1453 வரை, நிற்கிறது. எது விழுந்தது, எது விழவில்லை என்பதைப் பேரரசுக்குப் பேரரசு புதிதாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த நூலை அதனால் தள்ளிவிட முடியாது. எழுதியவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் படியுங்கள். பெற்றோரைக் கொள்ளைநோயில் இழந்தவர். மனைவி மக்களைக் கப்பல் விபத்தில் இழந்தவர். 1401ல் தைமூரின் படை டமாஸ்கஸை முற்றுகையிட்டிருந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் கயிற்றில் தொங்கிக் கோட்டைச்சுவரிலிருந்து இறங்கிப் போய் தைமூரைச் சந்தித்தார். பேரரசுகள் எப்படி உண்டாகின்றன என்று கோட்பாடு எழுதியவர், ஒரு பேரரசை உண்டாக்கிக்கொண்டிருந்தவன் எதிரில் உட்கார்ந்து பேசிய நாட்கள் அவை. தன் வரலாற்றில் அதைத் தானே எழுதியும் வைத்திருக்கிறார். நண்பருக்குக் கோட்பாட்டுக்கு முன்னால் அந்தச் சந்திப்பைக் கொடுங்கள்.

பிப்ரவரி 12

புத்தகக் கடையில் நின்றுகொண்டே சோதிக்க ஒரு வழி: பேரரசு நூலைக் கையில் எடுத்ததும் கடைசியில் உள்ள சொல்லடைவைத் திறந்து வரி, தானியம், குதிரை, சாலை, தபால், கணக்கர் என்று தேடிப் பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் அரசர் பெயர்களும் போர்க்களங்களும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

பிப்ரவரி 15

"எல்லாம் வெளியூர் ஆட்களாகவே இருக்கிறார்களே, சோழரை விட்டுவிட்டீர்களே?" நியாயம். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு (முதல் தொகுதி 1935) எனக்கு அஸ்திவாரம். ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம், கிப்பனுக்குச் சொன்ன காரணம்தான். அதற்கு முன்னால் ஒரே ஒரு கல்வெட்டை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, ஈழம் என்று வென்ற இடங்களின் வரிசை. பெரும்பாலானவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கீழே இறங்கினால்தான் பேரரசு எப்படி நடந்தது என்பது தெரிகிறது. பல தளிச்சேரிகளிலிருந்து (கோயிலைச் சேர்ந்த பெண்கள் வாழ்ந்த குடியிருப்புகள்) கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு பெண்களின் பெயர்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருடம் நூறு கலம் நெல். வென்றதையும் பகிர்ந்ததையும் ஒரே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மேல் வரிகளுக்குக் கீழ் வரிகளே இரண்டாவது சாட்சி.

பிப்ரவரி 15, இரவு

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. நம் மொழியிலேயே எழுதிய சாட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். 1736லிருந்து 1761 வரை எழுதினார். கப்பல் வந்தது, பீரங்கி போட்டார்கள், துணி விலை, குவர்னர் துய்ப்ளே காலையில் என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு வியாபாரக் கம்பெனி நாடு பிடிக்கும் சக்தியாக மாறுவதை உள்ளே இருந்து பார்த்தவர். அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாது, படிக்கும் நமக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் மனம் பதைப்பது அதனால்தான். நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்த அதே 1761 ஜனவரியில் அவரும் இறந்தார்.

முதலிலிருந்து படிக்க வேண்டாம். 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

பிப்ரவரி 19

ஜோடி என்று சொன்னேன் அல்லவா, எனக்குத் தெரிந்த சிறந்த ஜோடி மெக்சிகோவில் இருக்கிறது.

ஒரு பக்கம் பெர்னால் டியாஸ். ஆஸ்டெக் பேரரசின் மேல் படையெடுத்த ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸின் படையில் சாதாரணச் சிப்பாய். 1519 நவம்பரில் அதன் தலைநகர் டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அரை நூற்றாண்டு கழித்து, அந்த நாட்டை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர் எழுதிய வரலாறு தப்பு என்று கோபம் வந்து தன் நினைவிலிருந்து எழுதினார். அச்சானது 1632ல், அவர் இறந்து பல காலத்துக்குப் பிறகு. ஏரி நடுவே நகரத்தைப் பார்த்தபோது இது கனவா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டதை எழுதுகிறார். கூட வந்த குதிரைகளின் நிறமும் குணமும் அவருக்கு அத்தனை வருடம் கழித்தும் நினைவிருக்கிறது.

மறுபக்கம் சகாகூன் என்ற பாதிரியாரும் அவரிடம் படித்த நாவா இளைஞர்களும் (நாவா என்பது அந்நாட்டு மக்கள்) முதியவர்களைக் கேட்டுத் தொகுத்த பன்னிரண்டு பகுதிகள். நாவாட்டில் மொழியில் ஒரு பத்தி, பக்கத்தில் ஸ்பானியம், ஆயிரக்கணக்கான ஓவியங்கள். கடைசிப் பகுதி படையெடுப்பைப் பற்றியது. பொன்னைக் கண்டதும் வந்தவர்கள் குரங்குகளைப் போலப் பொறுக்கினார்கள் என்று அங்கே இருக்கிறது. 1520ன் பெரியம்மையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்ததை எழுதியிருக்கிறார்கள்.

இதை நண்பருக்குக் கொடுத்தபோது, இது வென்றவன் நூல், இது தோற்றவன் நூல் என்று பெருமையாகப் பிரித்துச் சொன்னேன். அவர் படித்துவிட்டு வந்து கேட்டார்: "தோற்றவர்கள் ஏன் தங்கள் ராஜாவையே இவ்வளவு திட்டுகிறார்கள்?" என்னிடம் அப்போது பதில் இல்லை. தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. சொன்னவர்களில் பலர் டிலாடெலோல்கோவைச் சேர்ந்தவர்கள். டெனோச்டிட்லானை ஒட்டியே இருந்த நகரம், முன்பு அதனிடம் தோற்று அடங்கியது, கடைசிச் சண்டை நடந்த இடம். ஆஸ்டெக் அரசன் மொக்டெசுமா கோழையாகத் தெரிவது அந்தப் பழைய கசப்பிலும் இருக்கலாம். இன்னொன்று: கோர்ட்டெஸ் பக்கம் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்பானியர்கள் இல்லை. டிலாக்ஸ்காலா போன்ற ஊர்களின் வீரர்கள் ஆயிரம் ஆயிரமாக நின்றார்கள். வென்றவன், தோற்றவன் என்ற என் பிரிப்பே நொறுங்கிப்போயிற்று. அவர் கேட்காமல் இருந்தால் நான் இன்னும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆக, 6ஆம் தேதி எழுதியதற்கு ஒரு ஒட்டு: இரண்டாவது சாட்சியையும் யார், எந்த ஊர் என்று விசாரியுங்கள்.

பிப்ரவரி 20

சின்னதாக ஒன்று வேண்டும் என்றால் அசோகரின் 13வது பாறைக் கட்டளை. ஒரே பக்கம். கலிங்கத்தில் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு இறந்தார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று வென்ற அரசனே வெட்டி வைத்தது. சோழரும் பாண்டியரும்கூட அதில் வருகிறார்கள். அடுத்து இதைச் சொல்லுங்கள்: கலிங்க மண்ணில் உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தக் கட்டளை இல்லை. மற்ற இடங்களில் சொன்ன வருத்தத்தை அங்கே வெட்டவில்லை. வேறு கட்டளைகள்தான் இருக்கின்றன. இதைச் சொன்னபோது என் நண்பர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

பிப்ரவரி 24

கேட்டவர் எழுதியிருக்கிறார், அவருடைய நண்பருக்குக் கொள்ளைநோய்ப் பகுதியைக் கொடுத்தாராம், இரண்டு நாளில் முடித்துவிட்டு "இந்தப் பேரரசு முன்னால் எப்படி இருந்தது?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி வந்துவிட்டால் இப்போது பெரிய வரலாற்றைக் கொடுக்கலாம். கிப்பனையே கொடுக்கலாம், இருநூறு வருடத்துக்கும் முந்தியது, பல முடிவுகள் மாறிவிட்டன என்று சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு அண்மைக்கால நூலும் இருக்கட்டும். என் நண்பர் நான்காவது வருடம் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டாம் தொகுதியின் நடுவில் இருக்கிறார், அவசரமில்லை.

மார்ச் 2

எழுத்தே இல்லாத பேரரசை எப்படிப் படிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தென் அமெரிக்காவின் இன்காக்களிடம் எழுத்து இல்லை, முடிச்சுக் கயிறுகள் இருந்தன. கணக்குகள் அதில்தான். அங்கேயும் ஒரு சாட்சி உண்டு. குவாமன் போமா, ஆண்டிஸ் மலைக்காரர். 1615 வாக்கில் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏறக்குறைய 1,200 பக்கம், 398 கோட்டோவியங்கள். எங்கள் பழைய ஆட்சி இப்படி இருந்தது, உங்கள் ஆட்கள் இப்படி வதைக்கிறார்கள், இப்படித் திருத்தலாம் என்று. மன்னர் படித்ததற்குச் சான்று இல்லை. 1908ல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் கண்டெடுத்தார்கள். அந்த நூலகமே எல்லாப் பக்கங்களையும் இணையத்தில் போட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

இதைப் போன வாரம்தான் என் நண்பருக்கு அனுப்பினேன். வாசகம் புரியாததால் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிச்சுக் கயிற்றை விரித்துப் பிடித்த கணக்கரைப் பார்த்துவிட்டு, "உன் சொல்லடைவுச் சோதனையில் கணக்கர் வந்துவிட்டார்" என்று எழுதினார்.

மார்ச் 5

நேற்று அவர் கடைசிப் படங்களை எட்டிவிட்டார். அதில் கிழவராகிவிட்ட குவாமன் போமா தன்னையே வரைந்திருக்கிறார். மன்னருக்குக் கணக்கு ஒப்புவிக்க லிமாவை நோக்கி மழைக்காலத்தில் நடந்து போகிறார். கூட மகன், ஒரு குதிரை, இரண்டு நாய்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. நாய் ஒன்றின் பெயரை மட்டும் அவர் அகராதியில் தேடிப் பார்த்திருக்கிறார். நண்பன் என்று பொருளாம். அந்தப் படத்தை அச்செடுத்து கிப்பனுக்குள் அடையாளச் சீட்டாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.